ஒரே புதன்கிழமை, இரண்டு தேதிகள்

கேள்வி: பொய் போலத் தோன்றினாலும் முழுக்க உண்மையான வரலாற்றுத் தகவல் ஒன்றைச் சொல்ல முடியுமா? அது எப்படி உண்மை என்பதையும் விளக்க வேண்டும்.

1746-ல் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் சென்னை ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில் அந்த நாள் செப்டம்பர் 21. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்களின் கணக்கில் செப்டம்பர் 10. யாரும் தவறாக எழுதவில்லை, யாரும் பொய் சொல்லவுமில்லை. கோட்டை ஒரே ஒருமுறைதான், ஒரே நாளில்தான் சரணடைந்தது. அந்த நாள் இரு தரப்புக்கும் புதன்கிழமை. உள்ளூர்க்காரருக்கு அது அட்சய வருடத்துப் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள். கடற்கரையோரமாக 150 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த புதுச்சேரியும் சென்னையும் 11 நாள் வித்தியாசமுள்ள இரண்டு ஐரோப்பிய நாட்காட்டிகளில் வாழ்ந்துகொண்டிருந்தன.

இந்த 11 நாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ரோமாபுரிக்குப் போக வேண்டும்.

கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர் ரோமானிய நாட்காட்டியைச் சீர்திருத்தினார். அதுவரை மாதங்களை நீட்டுவதும் குறைப்பதும் பூசாரிகள் கையில் இருந்ததால், நாட்காட்டி பருவங்களை விட்டு மாதக் கணக்கில் விலகிப் போயிருந்தது. அதை இழுத்து நிறுத்த அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 445 நாட்கள் கொடுக்க வேண்டியதாயிற்று. வரலாற்றில் மிக நீண்ட வருடம் அதுதான். அடுத்த ஆண்டிலிருந்து 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்ற விதி வந்தது. விதி எளிதுதான், ஆனாலும் சீசர் கொலையுண்ட பிறகு பூசாரிகள் அதைக் கோட்டைவிட்டார்கள். அவர்கள் எண்ணும்போது தொடங்கும் எண்ணையும் சேர்த்தே எண்ணுவார்கள். நாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறோம் அல்லவா, அதே முறை. அப்படி எண்ணினால் 'நான்காம் ஆண்டு' என்பது மூன்று ஆண்டு இடைவெளியில் வந்துவிடும். முப்பது ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒரு லீப் வருடம் வைத்தார்கள். அகஸ்டஸ் சில லீப் வருடங்களை நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்தார்.

விதியைச் சரியாகப் பின்பற்றினாலும் அதற்குள்ளேயே ஒரு கசிவு இருந்தது. சீசரின் ஆண்டு 365 நாள் 6 மணி. பருவங்கள் ஒரு சுற்று சுற்றிவர ஆவதோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 வினாடி. வித்தியாசம் ஆண்டுக்கு 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒரு தலைமுறை அதை உணராது. 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

திருச்சபைக்கு இது பெரிய தலைவலி. ஈஸ்டர் நாளைக் கணிக்க, இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். 325-ல் நைசியா சங்கம் கூடிய காலத்தில் அது ஏறக்குறைய பொருந்தியது. 1582-ல் வானத்தில் அந்த நாள் மார்ச் 11-லேயே வந்துவிட்டது. கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் லிலியஸ் வகுத்த திட்டத்தை, அவர் இறந்த பிறகு அவருடைய சகோதரர் ரோமில் கொண்டுபோய்க் கொடுத்தார். கிளாவியஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் அதைச் செப்பனிட்டார். போப் பதின்மூன்றாம் கிரெகோரி ஆணையிட்டார். 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. நடுவிலுள்ள 10 தேதிகள் இத்தாலிய நாடுகளிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் போலந்திலும் இல்லவே இல்லை. அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அதனால்தான் அவருடைய திருநாள் அக்டோபர் 15-ல் வருகிறது.

சீசர் காலம் வரை பின்னோக்கிப் போய் 12, 13 நாட்களை வெட்டாமல் ஏன் 10-ஐ மட்டும் வெட்டினார்கள் என்று பலர் கேட்பதுண்டு. அவர்கள் சீசர் கால வானத்தை மீட்க நினைக்கவில்லை, நைசியா காலத்து ஈஸ்டர் கணக்கைத்தான் மீட்க நினைத்தார்கள். அதற்கு 10 நாள் போதும்.

கசிவை அடைக்க வைத்த விதி இது: நூற்றாண்டு முடிவில் வரும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் வருடம். 1600, 2000 லீப். 1700, 1800, 1900 லீப் அல்ல. 2100-ம் அல்ல. 400 ஆண்டுக்கு 97 லீப் நாட்கள், மொத்தம் 146097 நாட்கள். இந்த எண் 7-ஆல் மீதியில்லாமல் வகுபடும், சரியாக 20871 வாரங்கள். அதாவது 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்ப வரும். இதில் ஒரு சுவையான துணைத் தகவல் உண்டு. 400 ஆண்டில் வரும் 4800 பதின்மூன்றாம் தேதிகளைக் கிழமைவாரியாக எண்ணினால் எல்லாவற்றையும் விட அதிகம் வெள்ளிக்கிழமைதான், 688 முறை. மேலைநாட்டார் அஞ்சும் 'பதின்மூன்றாம் தேதி வெள்ளி'யே மற்றக் கிழமைகளைவிட அடிக்கடி வருகிறது.

போப்பின் ஆணையை ஏற்க சீர்திருத்தச் சபை நாடுகளுக்கு மனமில்லை. பிரான்ஸ் அதே 1582 டிசம்பரில் மாறிவிட்டது. இங்கிலாந்து 170 ஆண்டுகள் கழித்து, 1752-ல்தான் மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமை, அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. இங்கே வெட்டியது 10 அல்ல, 11 நாள். காரணம், 1700 சீசரின் பழைய கணக்கில் லீப் வருடம், கிரெகோரியின் புதிய கணக்கில் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு நாள் கூடிவிட்டது.

"எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்ற கதை இதனோடு ஒட்டிக்கொண்டே வரும். அதை நம்ப வேண்டாம். ஹோகார்த் என்ற ஓவியர் 1755-ல் வரைந்த தேர்தல் விருந்துக் காட்சியில் அந்த வாசகம் எழுதிய பலகை ஒன்று தரையில் கிடக்கும். ஓவியத்தின் கிண்டலைப் பிற்காலத்தார் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். அப்படியொரு கலவரம் நடந்ததற்கு அக்காலச் சான்று இல்லை.

ஸ்வீடன் செய்ததுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். ஒரேயடியாக வெட்டாமல், 1700 முதல் 1740 வரை லீப் நாட்களை மட்டும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மெல்லப் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். 1700-ல் லீப் நாளை விட்டார்கள். பிறகு பெரும் போர் மூண்டது. 1704-லும் 1708-லும் விட மறந்துபோனார்கள். பழையதோடும் சேராமல் புதியதோடும் சேராமல் உலகத்திலேயே தனி நாட்காட்டி ஒன்றில் தொங்கினார்கள். கடைசியில் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் திட்டத்தையே கைவிட்டுப் பழைய கணக்குக்குத் திரும்ப முடிவுசெய்தார். விட்ட ஒரு நாளைத் திரும்பச் சேர்க்க வேண்டுமே? 1712 எப்படியும் லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். அதற்குமேல் இன்னொன்று சேர்த்தார்கள். ஆகவே 1712 பிப்ரவரி 30 என்பது ஸ்வீடனில் உண்மையில் விடிந்து மறைந்த ஒரு நாள். ஒருவழியாக 1753-ல் பிப்ரவரி 17-க்கு அடுத்து மார்ச் 1 என்று தாண்டினார்கள்.

ரஷ்யா 1918 வரை அசையவில்லை. அதனால்தான் அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பர் 7-ல் வருகிறது.

இரண்டு கணக்கும் அருகருகே இருந்த காலத்தில் கலந்து படித்தால் அபத்தமெல்லாம் நடக்கும். ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1688 நவம்பர் 11-ல் ஹாலந்திலிருந்து கப்பலேறி, நவம்பர் 5-ல் இங்கிலாந்தில் இறங்கினார். கலிலியோ இறந்த 1642-ல் நியூட்டன் பிறந்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். கலிலியோ இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. புதிய கணக்குக்கு மாற்றினால் அது 1643 ஜனவரி 4. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, இன்னொருவருக்கு வேறு நாட்காட்டி எடுத்தால்தான் இரண்டும் ஒரே ஆண்டில் பொருந்தும். உலகப் புத்தக தினமான ஏப்ரல் 23-க்குச் சொல்லப்படும் காரணமும் இப்படியே. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-ல் ஒரே நாளில் இறந்தார்கள் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 பழைய கணக்கு, ஸ்பெயினில் அன்று மே 3. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கமானது 23. இருவருக்கும் இடையே 11 நாள்.

இனி சோழமண்டலக் கரைக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் குழப்பம் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்த இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் வந்த நாள் முதல் புதிய கணக்கு. சென்னை 1752 வரை பழைய கணக்கு. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1700 வரை பழைய கணக்கு, பிறகு புதியது. ஆகவே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706 ஜூலை 9 புதிய கணக்குத் தேதி, அதைத் தொட வேண்டியதில்லை. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமையோடு புதுச்சேரியில் வழங்கிய ஐரோப்பியத் தேதியையும் எழுதினார். அதை ஆங்கிலேயக் கோட்டை ஆவணங்களோடு ஒப்பிடும்போது, 1752 செப்டம்பருக்கு முன்பு எல்லா இடத்திலும் கோட்டை ஆவணத்தின் தேதியோடு 11 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் செய்தி வருவதற்கு முன்பே பதில் போனது போலத் தெரியும்.

சென்னை தினமும் இதில் மாட்டும். 1639 ஆகஸ்ட் 22 என்பது ஆங்கிலேயர் கணக்கு. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது செப்டம்பர் 1. கொண்டாட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, ஆவணத்தில் உள்ள தேதியிலேயே கொண்டாடுவது உலக வழக்கம். ஆனால் "அன்று என்ன கிழமை?" என்று கணினியிடம் கேட்டால் திங்கள் என்று சொல்லும். உண்மையில் அது வியாழன். பெரும்பாலான மென்பொருள்கள் இன்றைய கணக்கையே பின்னோக்கி நீட்டிவிடுகின்றன, அந்த ஊரில் அன்று எது வழங்கியது என்று பார்ப்பதில்லை.

கிழமைதான் இதில் நம் கையிலிருக்கும் உரைகல். 1582-லும் 1752-லும் தேதிதான் தாண்டியது, கிழமை வரிசை அறுபடவில்லை. எனவே ஒரு பழைய கடிதத்தில் தேதியோடு கிழமையும் இருந்தால் அது எந்தக் கணக்கு என்று தாளும் பென்சிலும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

முறை இது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கில் ஒரு பங்கை, பின்னத்தை விட்டுவிட்டு, கூட்டுங்கள். மாத எண்ணைக் கூட்டுங்கள்: ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாக 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. பிறகு தேதியைக் கூட்டுங்கள். கடைசியாக நூற்றாண்டு எண். புதிய கணக்குக்கு 1500-களில் 0, 1600-களில் 6, 1700-களில் 4, 1800-களில் 2, 1900-களில் 0, 2000-களில் 6. பழைய கணக்குக்கு 1500-களில் 3, 1600-களில் 2, 1700-களில் 1, 1800-களில் 0. மொத்தத்தை 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி. லீப் வருடத்து ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் மொத்தத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1700 பழைய கணக்கில் லீப் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சென்னை சரணடைந்த நாளில் சோதித்துப் பார்க்கலாம். பழைய கணக்கில் 1746 செப்டம்பர் 10: 46, அதில் கால்பங்கு 11, செப்டம்பருக்கு 5, தேதி 10, நூற்றாண்டுக்கு 1. கூட்டினால் 73. மீதி 3, புதன். புதிய கணக்கில் செப்டம்பர் 21: 46, 11, 5, 21, நூற்றாண்டுக்கு 4. கூட்டினால் 87. மீதி 3, மறுபடி புதன். இரண்டும் ஒரே நாள். 1947 ஆகஸ்ட் 15-ஐயும் போட்டுப் பாருங்கள்: 47, 11, 2, 15, 0. மொத்தம் 75, மீதி 5, வெள்ளி.

பழைய தேதியைப் புதியதாக்கக் கூட்ட வேண்டிய நாட்கள்: 1582 முதல் 1700 பிப்ரவரி முடியும்வரை 10, பிறகு 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன்பின் 2100 பிப்ரவரி வரை 13. ரஷ்யாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வருவது இந்த 13-ஆல். விதி இப்படியே நீடித்தால் 2101 முதல் ஜனவரி 8.

இங்கிலாந்து ஆவணமென்றால் ஆண்டையும் சந்தேகிக்க வேண்டும். 1752-க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை முந்தைய ஆண்டின் எண்ணையே எழுதுவார்கள். மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியது அவர்கள் எழுத்தில் 1648 ஜனவரி 30, நாம் சொல்வது 1649. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது 1731 பிப்ரவரி 11, இன்று அமெரிக்கர்கள் சொல்வது 1732 பிப்ரவரி 22. ஆவணத்தில் 1682/3 என்று சாய்கோடு போட்டிருந்தால் அது எழுத்துப் பிழையல்ல, இரண்டு ஆண்டுக் கணக்கையும் குறிக்க அவர்களே போட்டது. மாற்றத்துக்காக 1751-ஐ மார்ச் 25-ல் தொடங்கி டிசம்பர் 31-லேயே முடித்துவிட்டார்கள். அந்த ஆண்டுக்கு 282 நாள்தான். இன்னொரு ஆபத்து, ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றுவது. நவீனப் பதிப்பாசிரியர் முன்னுரையில் என்ன செய்தார் என்று படிக்காமல் 11-ஐக் கூட்டாதீர்கள்.

கிழமை வரிசையே அறுந்த இடங்களும் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் நாட்காட்டி அல்ல, சர்வதேசத் தேதிக்கோடு. பிலிப்பைன்ஸ் 1844 டிசம்பர் 31-ஐ முழுதாக விட்டுவிட்டது. சமோவாவில் 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை விடியவே இல்லை. அலாஸ்கா 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா கைக்கு வந்தபோது இரண்டும் சேர்ந்து நடந்தது. அங்கே அக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமை. இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மெகல்லன் கப்பற்படையில் மிஞ்சியவர்கள். உலகைச் சுற்றி 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவை அடைந்தபோது அவர்கள் குறிப்பில் புதன், கரையில் வியாழன். நாள் தவறாமல் எழுதியும் ஒரு நாள் குறைந்தது எப்படி என்று திகைத்தார்கள். மேற்கு நோக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றியதில் ஒரு சூரிய உதயம் அவர்களுக்குக் குறைந்துபோயிருந்தது.

நம் பஞ்சாங்கத்துக்கு இந்த வெட்டல் ஒட்டல் எதுவும் நேரவில்லை. ஆனால் அதுவும் பருவங்களோடு ஒப்பிட்டால் நகர்கிறது. அது விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு ஏறக்குறைய 365 நாள் 6 மணி 12 நிமிடம், பருவ ஆண்டைவிட 24 நிமிடம்போல நீளம். ஆகவே சித்திரை 1, ஆங்கிலத் தேதியில் 61 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப் போகும். இன்று ஏப்ரல் 14. பிள்ளை எழுதிய அந்த 1746-ல் அது ஏப்ரல் 10-ஐ ஒட்டி வந்தது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம், ஆனால் வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-ல். இந்த நகர்வு பல நூற்றாண்டாகச் சேர்ந்த இடைவெளி அது.

கணினியில் இதன் தழும்பை நீங்களே பார்க்கலாம். எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இல்லை. அதற்கு முன் பரவலாக இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் 1900-ஐ லீப் வருடம் என்று தவறாக எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கோப்புகள் பொருந்த வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அந்தப் பிழையை வைத்துக்கொண்டது. விளைவு, 1900 ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு எக்செல் சொல்லும் கிழமை ஒரு நாள் பிசகும். 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எனவே பழைய ஆவணங்களைப் பட்டியலிடுவோர் ஆண்டு, மாதம், தேதி மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் போட்டு, நான்காவது கட்டத்தில் 'பழைய கணக்கு' அல்லது 'புதிய கணக்கு' என்று குறித்துவைப்பது நல்லது. கூகுள் தாளில் அதே 60 பிப்ரவரி 28-ஐக் காட்டும், 61-லிருந்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, இதே வகையில் சுற்றும் ஒரு பொய். "ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வரும் இந்த மாதம் 823 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வருகிறது. 31 நாள் உள்ள எந்த மாதமும் வெள்ளிக்கிழமை பிறந்தால் அப்படித்தான் அமையும். 2025 ஆகஸ்ட் அப்படி, 2026 மே அப்படி. ஏழில் ஆறு ஆண்டுகளில் அப்படி ஒரு மாதமாவது இருக்கும். மேலே உள்ள மாத எண்களில் 31 நாள் மாதங்களுக்கு உரியவற்றை எடுத்துப் பாருங்கள்: 0, 3, 1, 6, 2, 0, 5. 4 ஒன்றுதான் அதில் இல்லை, ஏழில் அந்த ஒரு வாய்ப்பில் மட்டும்தான் அப்படி மாதம் அமையாது.